நீர் எடுப்புக் கணக்கு பொருந்தவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கலிபோர்னியாவில் ஆற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ ஆண்டுக்கு 10 ஏக்கர் அடிக்கு மேல் தண்ணீர் எடுப்பவர் யாராக இருந்தாலும் அதை அளக்க வேண்டும். அளந்ததை ஆண்டுதோறும் மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். நீர் உரிமை 1914-ல் உரிம முறை வருவதற்கு முந்தையதா, ஆற்றங்கரை நிலத்தோடு சேர்ந்து வந்ததா, வாரியம் கொடுத்த உரிமமா என்ற பாகுபாடு இதில் கிடையாது. கிணற்று நீர் பொதுவாக இந்த விதிக்குள் வராது. தெளிவான தடம் கொண்ட நிலத்தடி ஓடை என்று கருதப்படும் நீர் மட்டும் வரும். ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி ஆழம் நிற்கும் தண்ணீர்; 10 ஏக்கர் அடி ஏறக்குறைய 1 கோடியே 23 லட்சம் லிட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு ஆறேகால் காலன் வீதம் ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு குழாயே அந்த வரம்பைத் தாண்டிவிடும். ‘நம்முடையது சின்னத் தோட்டம்தானே’ என்று இருந்துவிட முடியாது.

விதி வந்த நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015 கடும் வறட்சிக் காலம். அந்த ஜூன் 12 அன்று, சாக்ரமென்டோ, சான் வாகீன் ஆறுகளிலும் அவற்றின் டெல்டாவிலும் 1903-லும் அதற்குப் பின்னும் பெற்ற, முன்னுரிமை கொண்ட மூத்த உரிமைகளுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்று வாரியம் அறிவித்தது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதற்கு அப்போது கையில் இருந்தது பெரும்பாலும் உத்தேசக் கணக்கு. அதே மாதம் 24-ஆம் தேதி, நீர் எடுப்பை அளந்து தெரிவிக்கச் சொல்லும் எஸ்.பி. 88 சட்டத்தில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். அதன் கீழான விதிகள் 2016-ல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளின் அடுக்குகள் இவை. நேரடியாக எடுத்துப் பாய்ச்சுபவர் ஆண்டுக்கு 1,000 ஏக்கர் அடியோ அதற்கு மேலோ எடுத்தால் மணிக்கு ஒரு முறை பதிவு வேண்டும். 100 முதல் 1,000 வரை என்றால் நாளுக்கு ஒரு முறை. இந்த இரண்டு அடுக்குக்கும் பிழை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 10-க்கு மேல் 100-க்குள் என்றால் வாரம் ஒரு பதிவு, 15 சதவீதப் பிழை வரை ஏற்பு. மீறினால் நாள் கணக்கில் அபராதம் விதிக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. விதியின் வாசகம் திருத்தத்துக்கு உட்பட்டது; அறிக்கை நிரப்பும் முன் நடப்பு வாசகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வருவது, கருவியை வைத்துவிட்டு எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிபவர்களுக்கானது. என் அனுபவத்தில், மீட்டர் கெட்டுவிட்டது என்று கூப்பிடும் இடங்களில் மீட்டர் கெட்டிருப்பது குறைவு. தண்ணீர் மீட்டரை வந்தடையும் விதத்தில் கோளாறு இருக்கும், அல்லது எண்ணை எடுத்து எழுதும் விதத்தில் இருக்கும். அதனால் புதுக் கருவிக்கு விலை கேட்பது கடைசி வேலை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்: இப்போது கருவி காட்டும் எண்ணை, தேதியும் நேரமும் தெரியும்படி கைபேசியில் படம் எடுத்துவையுங்கள். பிறகுதான் துடைப்பது, தட்டுவது, பூஜ்ஜியம் வைப்பது எல்லாம். சரிசெய்த பிறகு பழைய எண் போய்விடும். எத்தனை நாள் தவறு நடந்தது என்று கணக்கிட வேறு வழி இருக்காது.

பம்ப் ஓடுகிறது, மீட்டர் அசையவே இல்லை

விசிறி மீட்டர் என்றால் பாதிக்கு மேற்பட்ட நேரம் குற்றவாளி பாசி அல்லது கொடி. பம்பை நிறுத்தி, வால்வை மூடி, மீட்டரைக் கழற்றி விசிறியைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். ‘கரகர’ என்று உரசினால் பேரிங் போய்விட்டது. நன்றாகச் சுற்றியும் எண் நகரவில்லை என்றால் விசிறிக்கும் எண்பலகைக்கும் இடையிலுள்ள கம்பியோ காந்த இணைப்போ விட்டுப்போயிருக்கிறது. அதைப் பட்டறைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

மின்காந்த மீட்டர் என்றால் முதலில் பாட்டரி, பிறகு குழாய் நிறைந்து ஓடுகிறதா என்பது. குழாய் நிறையாதபோது அந்த மீட்டர் வெறுங்குழாய் என்று எச்சரித்துப் பூஜ்ஜியம் காட்டும், அல்லது கண்டபடி குதிக்கும். மண்ணிணைப்பு வயர் அறுந்திருந்தாலும் குதிக்கும். வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீரோட்டம் மிகக் குறைவாக இருந்தாலும் விசிறி அசையாது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு குறைந்தபட்ச ஓட்டம் உண்டு. அதற்குக் கீழே உள்ள தண்ணீர் கணக்கில் ஏறாமலே போகும். பெரிய பம்புக்கென்று வாங்கிய மீட்டரில் சிறு பாய்ச்சலை ஓட்டினால் இதுதான் நடக்கும்.

மீட்டர் ஓடுகிறது, ஆனால் எண் நம்பும்படி இல்லை

இது நேரம் பிடிக்கும் பகுதி. பொறுமையாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

எண்பலகையிலேயே தொடங்குங்கள். போன வாரம் 004512, இந்த வாரம் 004987, வித்தியாசம் 475. எதனுடைய 475? பலகையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். ‘100 காலன்’ என்றால் 47,500 காலன், அதாவது 0.146 ஏக்கர் அடி. ‘1,000 காலன்’ என்றால் 1.46 ஏக்கர் அடி. ‘0.01 ஏக்கர் அடி’ என்றால் 4.75. ஒரே 475, மூன்று விதமான பண்ணை. மீட்டரை மாற்றிய ஆண்டில்தான் இந்தப் பிழை பெரும்பாலும் வருகிறது. புது மீட்டரின் பெருக்கு எண் வேறு. எழுதுபவரோ பழைய எண்ணாலேயே பெருக்கிக்கொண்டிருப்பார். சில பலகைகளில் கடைசிச் சுழியம் அச்சிட்டது, அது சுழலாது. அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதையும் கையேட்டில் பார்த்து, மீட்டர் பெட்டியின் மூடிக்குள் பெயின்டால் எழுதிவிடுங்கள்.

அடுத்தது, மீட்டருக்கு முன்னால் உள்ள நேர்க்குழாயின் நீளம். வளைவு, வால்வு, பம்பின் வாய் ஆகியவற்றைத் தாண்டி வரும் தண்ணீர் சுழன்றுகொண்டே வரும். அந்தச் சுழல் அடங்க, குழாய் விட்டத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நீளம் நேராக இருக்க வேண்டும். மீட்டருக்குப் பின்னாலும் ஓரிரு மடங்கு வேண்டும். 10 அங்குலக் குழாயில் பத்து மடங்கு என்றால் எட்டடிக்கு மேல். இடம் இல்லை என்று வளைவிலேயே மீட்டரைச் செருகியிருந்தால், சுழலின் திசையைப் பொறுத்து எண் கூடவோ குறையவோ செய்யும். இதற்குக் குழாய்க்குள் வைக்கும் நேராக்கித் தகடுகள் கிடைக்கின்றன. உதவும், ஆனால் முழு நிவாரணம் அல்ல. குழாயை மாற்றிப் போடுவதுதான் நேர்மையான வழி.

குழாய் முழுவதும் நிறைந்து ஓடுகிறதா? மீட்டர் வேகத்தைத்தான் அளக்கிறது. குழாயின் குறுக்குவெட்டு முழுவதும் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. வாய்க்காலில் சும்மா கொட்டும் கிடைக்குழாயில் மேல்பாதி காற்றாக இருக்கலாம். அப்படி இருந்தால் எடுக்காத தண்ணீருக்கும் உங்கள் பேரில் கணக்கு ஏறும். குழாயின் முனையில் மேல்நோக்கிய வளைவு ஒன்றைப் போட்டால் மீட்டர் இருக்கும் பகுதி நிறைந்தே இருக்கும். மலிவான வைத்தியம், உடனே பலன்.

வெளியே கட்டிவைக்கும் மீயொலி மீட்டர் என்றால் உள்விட்டம் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்று பாருங்கள். ‘12 அங்குலக் குழாய்’ என்பது கடைக்காரர் சொல்லும் பெயர். உள்ளே அளந்தால் 11.25 அங்குலமாக இருக்கலாம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தில் போவதால், இந்த முக்கால் அங்குல வித்தியாசம் கணக்கை ஏறக்குறைய 14 சதவீதம் கூட்டிக் காட்டும். 10 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இந்த ஒரு பிழையே போதும், விதியை மீறியவராகிவிடுவார். இத்தனைக்கும் கருவியில் எந்தக் குறையும் இல்லை.

இதையெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மின்கட்டண ரசீதை எடுங்கள். ஒரு ஏக்கர் அடித் தண்ணீரை ஓர் அடி உயர்த்த, வீணாகாத நிலையில், 1.024 யூனிட் மின்சாரம் வேண்டும். தண்ணீரை உயர்த்தும் மொத்த உயரம் 60 அடி, பம்பின் திறன் 60 சதவீதம் என்றால் ஏக்கர் அடிக்கு ஏறக்குறைய 102 யூனிட். அந்த மாதம் 2,050 யூனிட் ஓடியிருந்தால் 20 ஏக்கர் அடி வந்திருக்க வேண்டும். மீட்டர் 18 என்றால் பரவாயில்லை. 8 என்றோ 40 என்றோ சொன்னால் இரண்டில் ஒன்று தவறு. இது சந்தேகம் தீர்க்க மட்டும். பம்ப் தேய்மானம், ஆற்றின் நீர்மட்டம் எல்லாம் கணக்கை ஆட்டும் என்பதால் இதையே அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

வி-நாட்ச் தகடு அளவைக் கூட்டியோ குறைத்தோ காட்டுகிறது

சிறு வாய்க்கால்களுக்கு எனக்குப் பிடித்த கருவி இதுதான். பாட்டரி இல்லை, திருகாணி இல்லை. வாய்க்காலின் குறுக்கே நிறுத்திய இரும்புத் தகட்டில் 90 பாகையில் ஒரு வெட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோல், அவ்வளவுதான். ஆனால் கோபக்காரக் கருவி. சிறு தவறையும் பெரிதாக்கிக் காட்டும்.

வினாடிக்குக் கன அடியில் ஓட்டம் வேண்டுமென்றால், அடியில் அளந்த நீர் உயரத்தை 2.48-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 2.49-ஆல் பெருக்க வேண்டும். உயரம் 0.50 அடி என்றால் ஓட்டம் 0.446 கன அடி. 0.55 அடி என்றால் 0.565. அரை அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயர வித்தியாசம், கணக்கில் 27 சதவீதம். குனியச் சோம்பல்பட்டு, நின்றபடியே சாய்வாகப் பார்த்து அளவுகோலைப் படித்தால் இந்த அளவு தவறு சாதாரணமாக வரும். மண்டியிட்டு, கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

அளவுகோலின் பூஜ்ஜியம் வெட்டின் அடிமுனைக்கு நேராக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. தண்ணீரை நிறுத்தி, மேற்பக்கத் தேக்கம் வெட்டின் முனைவரை வடிந்து நின்றதும் அளவுகோலைப் படிக்கலாம் என்பார்கள். ஆனால் பரப்பு இழுவிசையால் நீர் முனையில் ஒட்டி நிற்பதால் அது முழுக்க நம்பத்தக்கதல்ல. நீர்மட்டக் குழாயோ சர்வே கருவியோ கொண்டு பார்ப்பது நல்லது. பனிக்காலத்தில் மண் நகர்ந்து கோல் சாய்ந்திருப்பதும் உண்டு. மாடு உரசியிருப்பதும் உண்டு.

இனி, எண் எந்தப் பக்கம் தவறுகிறது என்பதை வைத்துக் காரணம் தேடலாம்.

உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டினால்: வெட்டில் இலையோ பாசியோ சிக்கி நீர் ஏறியிருக்கிறது, அல்லது கீழ்ப்பக்கம் தண்ணீர் தேங்கி வெட்டின் முனைக்கு மேலே வந்துவிட்டது. கீழ்மட்டம் முனைக்குக் கீழே குறைந்தது 0.2 அடியாவது இருக்க வேண்டும். தண்ணீர் தகட்டைத் தாண்டிப் பளிச்சென்று விழும் ஓசை கேட்கவில்லை என்றாலே சந்தேகப்படுங்கள். கீழ் வாய்க்காலில் களை வெட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உண்மையைவிடக் குறைவாகக் காட்டினால் வேறு காரணங்கள். அளவுகோல் தகட்டுக்கு மிக அருகில் இருக்கலாம். தண்ணீர் வெட்டை நெருங்கும்போதே வளைந்து இறங்கத் தொடங்கிவிடும். அதிகபட்ச நீர் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தொலைவில் மேற்பக்கமாகக் கோல் நிற்க வேண்டும். மேற்பக்கம் வண்டல் சேர்ந்து குளம் மேடாகியிருந்தால் தண்ணீர் வேகமாக வரும். வாய்பாடோ தேங்கி நின்று வருகிற தண்ணீருக்கானது. தகட்டின் விளிம்பு துருப்பிடித்து மழுங்கினாலும், விழும் நீர் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வழிந்தாலும், வாய்பாடு சொல்வதைவிட அதிகத் தண்ணீர் போகும். ஒட்டி வழிவது குறைந்த ஓட்டத்தில் நடக்கிறது. நீர்த்திரைக்கும் தகட்டுக்கும் இடையில் விரலை விட்டுப் பாருங்கள். காற்று இருந்தால் விரல் நனையாமல் நுழையும்.

குறைவாகக் காட்டினால் நமக்கு லாபம்தானே என்று சிலர் நினைக்கிறார்கள். நீர் உரிமை என்பது பயன்படுத்திய அளவுக்குத்தான் நிலைக்கும் என்பது இந்த மாநிலத்து நீர்ச் சட்டத்தின் அடிநாதம். நதிக்கரை உரிமைக்கு இது பொருந்தாது. ஆனால் உரிமம் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் தன் பயன்பாட்டைக் குறைத்துக் காட்டினால், அது பின்னொருநாள் அவருக்கெதிரான சாட்சியாகிவிடும்.

பார்ஷல் ஃப்ளூமில் தண்ணீர் துள்ளாமல் மந்தமாக ஓடுகிறது

கொலராடோவில் ரால்ஃப் பார்ஷல் வடிவமைத்த இந்தத் தொட்டிக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு: குறுகிய கழுத்தைத் தாண்டியதும் தண்ணீர் சரிந்து இறங்க வேண்டும். அப்போது மேற்பக்க உயரம் ஒன்றை வைத்தே கணக்குப் போடலாம். ஓரடிக் கழுத்துள்ள ஃப்ளூமில் அந்த உயரத்தை 1.522-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 4-ஆல் பெருக்க வேண்டும். 0.8 அடி என்றால் வினாடிக்கு 2.85 கன அடி, நாளுக்கு 5.65 ஏக்கர் அடி.

சரிவு இல்லாமல் தட்டையாக ஓடினால், கழுத்துக்குள் இருக்கும் இரண்டாவது அளவுகோலையும் படியுங்கள். கீழ் உயரத்தை மேல் உயரத்தால் வகுத்தால் ஓரடி முதல் எட்டடி வரையிலான ஃப்ளூமுக்கு 0.7-க்குள் இருக்க வேண்டும். மேலே 0.8, கீழே 0.56 என்றால் விளிம்பில் நிற்கிறீர்கள். அதைத் தாண்டினால் வாய்பாடு கூட்டித்தான் சொல்லும், எடுக்காத தண்ணீர் உங்கள் கணக்கில் ஏறும். கீழ் வாய்க்காலைத் தூர்வாருங்கள். முடியாவிட்டால் ஃப்ளூமைத் தூக்கி வையுங்கள். இரண்டு உயரங்களையும் வைத்துத் திருத்தக் கணக்குப் போடலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. போடலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு கோல்களையும் ஒரே நேரத்தில் படித்து எழுதும் ஆள் உங்களிடம் இருக்கிறாரா?

மேற்பக்கக் கோலின் இடம் பற்றியும் ஒரு வார்த்தை: குறுகும் சுவரின் நீளத்தில், கழுத்திலிருந்து மேல்நோக்கி மூன்றில் இரண்டு பங்குத் தொலைவு. வாய்க்கு அருகில் கோல் ஒட்டிய ஃப்ளூம்களையும் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கும், அளவு தவறு. தளம் எல்லாத் திசையிலும் மட்டமாக இருக்கிறதா என்பதை ரசமட்டம் வைத்து ஆண்டுக்கொரு முறை பாருங்கள்.

பதிவுக் கருவியின் வரைகோடு பகலில் ஏறி இரவில் இறங்குகிறது, அல்லது புயலன்று தாவுகிறது

தண்ணீருக்குள் கிடக்கும் அழுத்த உணரியில் இது வழக்கமான கோளாறு. உணரி தனக்கு மேலே உள்ள தண்ணீரின் எடையோடு காற்றின் எடையையும் சேர்த்து உணர்கிறது. காற்றழுத்தத்தைக் கழிக்க, கேபிளுக்குள் ஒரு நுண்குழாய் மேலே காற்றுக்குத் திறந்திருக்கும். அதன் வாயிலுள்ள ஈரமுறிஞ்சி நிறம் மாறிக் கிடந்தாலோ, குழாய்க்குள் துளி நீர் புகுந்தாலோ கழித்தல் நடக்காது. ஒரு மில்லிபார் காற்றழுத்த மாற்றம் ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். புயல் கடக்கும்போது 20 மில்லிபார் இறங்கினால், வாய்க்காலில் 20 சென்டிமீட்டர் தண்ணீர் குறைந்ததாகப் பதிவாகும். வாய்க்காலில் ஒன்றும் நடந்திருக்காது.

ஈரமுறிஞ்சியை மாற்றுங்கள். நுண்குழாய் இல்லாத வகை என்றால், அருகில் காற்றில் ஓர் உணரியைத் தொங்கவிட்டு இரண்டின் பதிவையும் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிவிறக்கிய கோப்பை அப்படியே அனுப்பிய ஆண்டுகள் இருந்தால், அருகிலுள்ள வானிலை நிலையத்தின் காற்றழுத்தப் பதிவை வைத்துத் திருத்திவிட முடியும்.

பதிவில் ஓட்டை விழுந்திருந்தால் பாட்டரி, நினைவகம், கடிகாரம் என்ற வரிசையில் பாருங்கள். கடிகாரம் மார்ச்சிலும் நவம்பரிலும் ஒரு மணிநேரம் தாவும் பகலொளி நேரத்தில் இருந்தால், மணிக்கொரு பதிவு வைப்பவருக்கு ஒரு நாள் 23 பதிவு வரும், ஒரு நாள் 25. ஆண்டு முழுவதும் திட்ட நேரத்திலேயே கருவியை ஓடவிடுங்கள். ஓட்டையை முன்பின் எண்களின் சராசரியால் நிரப்பினால், நிரப்பியது எது, அளந்தது எது என்று குறிப்பில் தெரிய வேண்டும். நிரப்பியதை அளந்ததுபோல் காட்டுவதுதான் ஆபத்து. ஓட்டை ஆபத்தல்ல.

டெல்டாவில்: காலையில் ஒரு வேகம், மாலையில் வேறு

சாக்ரமென்டோ–சான் வாகீன் டெல்டாவின் தீவுகள் பலவும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பவை. கரைக்கு மேலாக வளைத்துப் போட்ட சைஃபன் குழாய் வழியே தண்ணீர் தானாக உள்ளே இறங்கும், மோட்டார் வேண்டியதில்லை. ஆனால் வெளியே கால்வாயின் மட்டம் கடல் ஓதத்தோடு நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும். அதனால் சைஃபனின் ஓட்டமும் மணிக்கு மணி மாறும். வாரம் ஒரு நாள் போய் ஓட்ட வேகத்தைப் பார்த்து, திறந்திருந்த மணிகளால் பெருக்கினால் கிடைப்பது அந்த நேரத்து ஓதத்தின் கணக்குத்தான். தொடர்ந்து கூட்டிக்கொண்டே வரும் மீட்டர் இங்கே அவசியம்.

ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால், சைஃபனின் உச்சியில் காற்று சேர்கிறது; காற்றை உறிஞ்சி வெளியேற்றுங்கள். திடீரென்று குறைந்தால் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும். ஆம், நம் ஊர் ஏரிகளை மூடும் அதே ஆகாயத்தாமரை இங்கும் அடாவடி செய்கிறது. மட்டமான மதகு வழியே எடுப்பவருக்கு, வடியும் ஓதத்தில் தண்ணீர் திரும்பி வெளியே ஓடவும் கூடும். விசிறி பின்னோக்கிச் சுற்றும்போது மீட்டர் கழிக்கிறதா, கூட்டுகிறதா, சும்மா நிற்கிறதா என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு சைஃபனுக்கும் மீட்டர் வைப்பது கட்டுப்படியாகாது என்பதால், டெல்டாவில் செயற்கைக்கோள் தரவிலிருந்து பயிரின் நீராவிப் போக்கைக் கணக்கிடும் ஓப்பன்இடி முறையை அடிப்படையாகக் கொண்ட மாற்று ஏற்பாடும் நடைமுறையில் இருக்கிறது. மாற்றுத் திட்டம் என்ற பெயரில் விதியிலேயே அதற்கு இடம் உண்டு. ஆனால் விண்ணப்பித்து, எழுதிக்கொடுத்து, பதிவில் ஏற்ற வேண்டும். வாயால் சொல்லிவிட்டு மீட்டரைக் கழற்றிவிட முடியாது.

குட்டையில் தேக்கிய அளவு தெரியவில்லை

தேக்குபவர்களுக்கு அடுக்கு வேறு. 1,000 ஏக்கர் அடிக் கொள்ளளவுக்கு மணிக்கொரு பதிவு, 200-க்கு மேல் தினமும், 50-க்கு மேல் வாரமும், 10-க்கு மேல் மாதமும். நிற்கும் கோலைப் படித்து, ‘இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஏக்கர் அடி’ என்ற அட்டவணையில் பார்க்க வேண்டும். கோடையில் நீர் கோலின் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கிவிட்டால் கரையின் சரிவில் இன்னொரு கோலை நட்டு, இரண்டையும் ஒரே மட்டத்தொடரில் சேர்த்துவிடுங்கள். கணக்கு ஆண்டுக்கு ஆண்டு பிசகிக்கொண்டே போனால் அட்டவணை பழையது. வண்டல் படிந்து குட்டை சிறுத்துவிட்டது.

ஆண்டறிக்கையில் கூட்டுத்தொகை இடிக்கிறது

வினாடிக்கு ஒரு கன அடி 24 மணிநேரம் ஓடினால் 1.98 ஏக்கர் அடி. நிமிடத்துக்கு 449 காலன் என்பதும் அதே ஒரு கன அடிதான். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்தால் பாதிப் பிழைகள் வராது. பழைய பத்திரங்களில் ‘மைனர்ஸ் இன்ச்’ என்று எழுதியிருக்கும், தங்கம் தோண்டிய காலத்து அளவு. மாநிலச் சட்டப்படி 40 இன்ச் சேர்ந்தால் ஒரு கன அடி. தென் கலிபோர்னியாவில் வழக்கில் 50 இன்ச். பாட்டனார் காலத்து 80 இன்ச் உரிமை சட்டக் கணக்கில் இரண்டு கன அடி, தெற்கத்தி வழக்கில் 1.6. பத்திரம் எந்த மாவட்டத்தில் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

அறிக்கைக்கான ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான நீராண்டு. தாக்கல் செய்யக் கடைசி நாள் பிப்ரவரி 1. நாட்காட்டி ஆண்டுக்கே கணக்கு வைத்துப் பழகியவர்களின் அறிக்கையில் மூன்று மாதம் இடம் மாறிப் போயிருக்கும்.

ஒரே மீட்டர் வழியாக இரண்டு உரிமைகளின் தண்ணீர் வந்தால், மீட்டரின் மொத்தத்தை இரண்டு அறிக்கையிலும் முழுதாக எழுதாதீர்கள். எந்த மாதம் எந்த உரிமையின்கீழ் எடுத்தீர்கள் என்று பிரித்து எழுதுங்கள். மொத்தம் உரிமத்தின் உச்சவரம்பைத் தாண்டியிருந்தால், முதலில் மேலே சொன்ன அளவுப் பிழைகளைத் தேடுங்கள். தேடியும் எண் சரியாகத்தான் இருக்கிறது என்றால் அது கருவிப் பிரச்சினை அல்ல. நீர் உரிமை வழக்கறிஞரிடம் போக வேண்டிய பிரச்சினை.

எதைச் செய்தும் சரிவரவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது

100 ஏக்கர் அடிக்கும் அதற்கு மேலும் எடுப்பவர் என்றால், கருவியைப் பொருத்தவும் துல்லியத்துக்குச் சான்று தரவும் உரிமம் பெற்ற பொறியாளரோ ஒப்பந்தக்காரரோ வேண்டும். சிறு அளவில் எடுப்பவருக்கு அளவீட்டில் அனுபவமுள்ளவர் போதும். பொறியாளர் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கால்நடை வளர்ப்போர் முறையிட்டதால், 2017-ல் ஏ.பி. 589 சட்டத்தின் வழியே, கலிபோர்னியா பல்கலைக்கழக விரிவாக்கப் பணியகம் நடத்தும் சிறு வகுப்பை முடித்தவர் தன் சொந்தக் கருவியைத் தானே பொருத்தலாம் என்று வழி திறந்தது. வகுப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். தகட்டையும் ஃப்ளூமையும் தானே படிப்பவராக இருந்தால், பொறியாளரைக் கூப்பிடுமுன் அந்த வகுப்பின் தற்போதைய நிலையை உங்கள் மாவட்ட விரிவாக்க அலுவலகத்தில் விசாரியுங்கள். வருபவர் யாரானாலும், முதலில் எடுத்துவைத்த படங்களையும் வாரப் பதிவு நோட்டையும் அவர் கையில் கொடுங்கள். அவர் வேலைநேரத்தில் பாதி அதிலேயே மிச்சமாகும்.